குமிழ் கூடாது

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால்
மற்றவர்களுக்குக் கெட்ட காலம்.
எங்களுக்கு அதுதான் பிழைப்பு.
பூதம் எத்தனை அடியில் படுத்திருக்கிறது,
எந்தப் பக்கம் நகர்கிறது,
ஆண்டுக்கு எத்தனை மீட்டர் —
இதற்குத்தான் மணிக்கணக்கில் கூலி.

ஹாமில்ட்டனில், பார்ட்டன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து.
முப்பது ஆண்டுகள் கோட்டும் சூட்டும் வெளுத்த கடை
இப்போது பலகை அறைந்த சுவர்.
அக்டோபர் காலையில் ரெஜான் துளைப்பொறியை நிமிர்த்தினான்.
டிம்மின்ஸ்காரன். அங்கே தங்கத்துக்காகத் துளைத்தவன்.
"அங்கே அகப்பட்டால் விருந்து வைப்பார்கள்,
இங்கே அகப்பட்டால் வக்கீல் வைப்பார்கள்."

நான் மண்ணை எழுதினேன்.
முதல் மீட்டர் நிரவல்: செங்கல் தூள், நிலக்கரிச் சாம்பல்,
சிப்பியில் செய்த சட்டைப் பொத்தான் ஒன்று.
படிவத்தில் பொத்தானுக்குக் கட்டம் இல்லை.
பிறகு வண்டல். பிறகு ஈர மணல்.
நாலு மீட்டரில் கருவி கத்தியது.
மூக்கு முன்பே அறிந்திருந்தது:
கல்யாணக் கோட்டை உறையிலிருந்து உருவும்போது வருமே,
அந்த இனிப்பு.

குழாய் இரண்டங்குலம்.
கீழ் மூன்று மீட்டருக்கு மயிரிழைக் கீறல்கள்,
சுற்றிலும் சலித்த மணல்,
அதன்மேல் பெண்டோனைட் குளிகைகள்.
அவை நீரைக் குடித்து உப்பி
மேல்மழை இறங்காதபடி
கிணற்றின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.
கயிறு இல்லை, வாளி இல்லை,
எட்டிப் பார்த்தால் முகம் தெரியாது.
பெயர்: ஏழு.

பக்கத்து வீட்டு பேஸ்மெண்ட் ஜன்னலுக்கும் ஏழுக்கும்
இரண்டு எட்டு.
துளைத்த அன்று அந்த ஜன்னலில் ஒரு பையன்,
என் காலணி உயரத்தில் அவன் கண்கள்.
கண்ணாடியைத் தட்டி வாயசைத்தான்:
என்ன நடுகிறீர்கள்?

பெப்ரவரி. மைனஸ் பதினாறு.
மூடியின் போல்ட்டில் வெந்நீர் ஊற்றித் திறந்தேன்.
நீர்மட்டம் மூன்று புள்ளி ஒன்று இரண்டு.
பம்ப் மெல்லத்தான் ஓட வேண்டும்.
அவசரப்படுத்தினால் நீர் கலங்கும்,
கலங்கிய நீர் பொய் சொல்லும்.
அமிலத்தன்மை, கடத்துதிறன், வெப்பம்
மூன்று முறை ஒரே பதிலைச் சொல்லும்வரை
விட்டுவிடக் கூடாது.
போலீஸும் இப்படித்தான் விசாரிக்கும் போலும்.
எட்டு டிகிரி.
விறைத்த விரல்களுக்கு, கையுறையைத் தாண்டியும்,
அந்த நஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.

குப்பி நாற்பது மில்லி.
விளிம்புக்கு மேல் நீர் குவிந்து நிற்க வேண்டும்.
மூடியைத் திருகு, தலைகீழாக்கு, விரலால் தட்டு,
குமிழ் எழுகிறதா பார்.
கடுகளவு காற்று போதும்,
பூதம் அதில் ஏறிக்கொள்ளும்,
ஆய்வகம் குறைத்துச் சொல்லும்.
முதல் குப்பியில் குமிழ்.
கழிவு வாளியில் கொட்டினேன்.
இரண்டாவது சரி.

அப்போது பையனின் தாய் வெளியே வந்தார்,
செருப்புக் காலோடு, பனியில்.
அஸ்மரெத் என்றார், நான் கேட்காமலே.
"தண்ணீரில் என்ன?"
"உங்கள் குழாய்த் தண்ணீர் ஏரியிலிருந்து வருகிறது. அதற்குப் பயமில்லை."
அது உண்மைதான்.
"அப்படியானால் கீழே என்ன?"

ஒப்பந்தம், பிரிவு ஒன்பது:
கண்டதைக் கட்சிக்காரரிடம் மட்டும்.
பூதம் நீரில் மட்டுமா நடக்கிறது,
மண்ணின் இடுக்கில் ஆவியாக ஏறும்,
தரையின் வெடிப்பு தெரியும் அதற்கு.

"இரவில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்."
"இந்தக் குளிரிலா?"
"ஒரு விரலளவு."

என் கையிலிருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பையனின் கட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழேதான்" என்றார்.
பிறகு, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்.

பேனா உறைந்திருந்தது.
பென்சிலில் சுகாதாரத் துறையின் எண்ணை எழுதி,
கொஞ்சம் யோசித்து, அடியில்
நாலு மீட்டர் என்றும் எழுதி,
கிழித்துக் கொடுத்தேன்.

களக் குறிப்பேட்டில் பக்கங்களுக்கு எண் உண்டு,
கிழிக்கக் கூடாது.
என்னுடையதில் இனி
நாற்பதுக்கு அடுத்து நாற்பத்து மூன்று.